மூன்று நூறு முந்நூறு

மும்பையில் தாராவி என்ற இடம் இருக்கிறது. அங்கே நம் தமிழ் மக்கள் நிறையப் பேர் வாழ்கிறார்கள். எங்கள் எழுத்தறிவு வகுப்பும் அங்கேதான் நடக்கிறது.

வகுப்புக்கு ஓர் அக்கா வருவார். நாற்பது வயதுக்கு மேல்தான் எழுத்துக் கற்றார். மாமா இட்லி வியாபாரம் செய்கிறார். இருவரும் விடியும் முன்பே எழுந்து உழைப்பவர்கள்.

2021ஆம் ஆண்டு கொரோனாவின் இரண்டாம் அலை வந்தது. மாமாவுக்கும் கொரோனா வந்தது. அவருக்கு முன்பே சர்க்கரை நோய் உண்டு. கொரோனா குணமானது. ஆனால் சில நாளில் ஒரு பக்கக் கன்னம் வலித்தது. பிறகு வீங்கியது. மூக்கிலிருந்து கருப்பாக நீர் வந்தது. பல்வலி என்று நினைத்து ஒரு வாரம் விட்டுவிட்டார்கள்.

அது பல்வலி அல்ல. கருப்புப் பூஞ்சை நோய்.

பூஞ்சை என்றால் என்ன?

பழைய ரொட்டியின் மேல் பூப்பது பூஞ்சைதான். மண்ணிலும், மட்கிய இலையிலும், சாணத்திலும் பூஞ்சை உண்டு. அதன் நுண்ணிய துகள்கள் காற்றில் கலந்து நம் மூச்சில் போகின்றன. நல்ல உடம்பு அதை எதிர்த்துவிடும். சர்க்கரை மிக ஏறியவர்களால் எதிர்க்க முடியாது. ஸ்டீராய்டு மருந்து அதிகம் எடுத்தவர்களாலும் முடியாது. இந்த நோய் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றாது. அந்த ஆண்டு ஜூன் மாத முடிவுக்குள் நம் நாட்டில் 40,000 பேருக்கு மேல் இந்நோய் வந்தது.

மாமாவுக்கு அறுவைச் சிகிச்சை நடந்தது. பல நாள் ஆம்போடெரிசின் மருந்து ஏற்றினார்கள். ஒரு கண் போய்விட்டது. உயிர் பிழைத்தார். வீட்டுக்கு அனுப்பும்போது போசகோனசோல் என்ற மாத்திரையை எழுதிக் கொடுத்தார்கள்.

அக்காவின் கேள்வி

ஒரு நாள் மாலை அக்கா என்னிடம் வந்தார். கையில் மருந்துச் சீட்டும் மாத்திரை அட்டையும் இருந்தன.

"தம்பி, சீட்டில் 300 என்று இருக்கிறது. அட்டையில் 100 என்று இருக்கிறது. மருந்து மாறிப் போச்சா?"

"மாமா எத்தனை மாத்திரை சாப்பிடுகிறார், அக்கா?"

"ஒன்றுதான். விலை ரொம்ப அதிகம். ஒன்று போதும் என்கிறார். காலையில் வெறும் வயிற்றில் போட்டுக்கொள்கிறார்."

எனக்குப் பயமாக இருந்தது. நான் டாக்டர் இல்லை. "வாங்க அக்கா, நாளைக்கே ஆஸ்பத்திரியில் கேட்போம்" என்றேன்.

டாக்டர் சொன்னது

டாக்டர் சீட்டைப் பார்த்தார். "மருந்து சரிதான். ஒரு மாத்திரை 100 மில்லிகிராம். மூன்று சேர்ந்தால்தான் 300. தினமும் மூன்றையும் ஒரே வேளையில் சாப்பிட வேண்டும். அளவு குறைந்தால் பூஞ்சை சாகாது. திரும்ப வளரும்" என்றார்.

"சாப்பாட்டோடு எடுக்க வேண்டும். அப்போதுதான் மருந்து உடம்பில் நன்றாகச் சேரும். மாத்திரையை உடைக்கக் கூடாது. மெல்லக் கூடாது. முழுதாக விழுங்க வேண்டும். அதன் மேல்பூச்சு குடலில் போய்க் கரைய வேண்டும்" என்றார்.

பிறகு கேட்டார்: "வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறார்?"

அக்கா மஞ்சள் பையைக் கவிழ்த்தார். அதில் சர்க்கரை மாத்திரை இருந்தது. கொழுப்பைக் குறைக்கும் அட்டார்வாஸ்டாட்டின் மாத்திரையும் இருந்தது. அதை வேறொரு டாக்டர் கொடுத்திருந்தார். நாங்கள் அதை ஆஸ்பத்திரியில் சொல்லவே இல்லை.

டாக்டர் அதை உடனே நிறுத்தினார். இரண்டும் சேர்ந்தால் கொழுப்பு மாத்திரை ரத்தத்தில் அளவுக்கு மேல் ஏறும். தசை கெடும். சிறுநீரகமும் கெடலாம். வலிப்புக்கான ஃபெனிடாயின், காசநோய்க்கான ரிஃபாம்பிசின் போன்றவை வேறு விதமாகக் கெடுக்கும். அவை பூஞ்சை மருந்தின் பலத்தைக் குறைத்துவிடும். அதற்காக நாமே எதையும் நிறுத்தக் கூடாது. டாக்டர்தான் மாற்ற வேண்டும்.

"காசு இல்லாவிட்டால் மாத்திரையைக் குறைக்காதீர்கள். எங்களிடம் சொல்லுங்கள்" என்றார் டாக்டர். ஆயுஷ்மான் அட்டை உள்ளவர்களுக்கு, வீடு திரும்பிய பின் 15 நாள் வரையான மருந்துச் செலவும் திட்டத்தில் சேரும். அது பலருக்குத் தெரிவதில்லை.

அன்று முதல் அக்கா காலண்டரில் குறித்து வந்தார். மாத்திரை கொடுத்ததும் ஒரு கோடு. டாக்டர் நிறுத்தச் சொல்லும் வரை ஒரு நாளும் கோடு தவறவில்லை. இன்று மாமா மறுபடியும் இட்லி விற்கிறார்.

"நான் 100, 300 படிக்கக் கற்றிருக்காவிட்டால் கேட்டிருக்கவே மாட்டேன்" என்கிறார் அக்கா.

நினைவில் வைப்போம்

* அட்டை ஓரத்தில் சிவப்புக் கோடு இருந்தால், அது டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாத மருந்து.
* ஒருவருக்கு எழுதிய மருந்தை மற்றவர் சாப்பிடக் கூடாது.
* உடம்பு தேறிவிட்டது என்று நாமே நிறுத்தக் கூடாது.
* ஒரு நாள் மறந்தால், நினைவு வந்ததும் சாப்பிடலாம். அடுத்த வேளைக்கு 12 மணி நேரத்துக்குள் என்றால் விட்டுவிட வேண்டும். இரண்டு வேளை மருந்தைச் சேர்த்துச் சாப்பிடக் கூடாது.
* இந்த மருந்து ஈரலைப் பாதிக்கலாம். டாக்டர் சொன்ன நாளில் ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும்.
* கண் மஞ்சளானால், சிறுநீர் கருத்துப் போனால், வாந்தி நிற்காவிட்டால், நெஞ்சு படபடத்தால், மயக்கம் வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.
* கர்ப்பமாக இருந்தால் முதலிலேயே டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

மாமாவுக்கு எழுதிய அளவு மாமாவுக்கு. உங்கள் சீட்டில் உள்ள அளவே உங்களுக்கு.

பயிற்சி

1. ஓர் அட்டையில் 10 மாத்திரை. தினம் 3 வீதம் 30 நாளுக்கு எத்தனை அட்டை வேண்டும்?
2. மாமா செய்த தவறுகள் எவை? எழுதுங்கள்.
3. உங்கள் வீட்டில் உள்ள ஒரு மாத்திரை அட்டையை எடுங்கள். அதில் உள்ள மில்லிகிராம் அளவையும், காலாவதி மாதத்தையும், ஆண்டையும் பார்த்து எழுதுங்கள்.