வண்டி நிறுத்தும் இடம் யாருடைய தயவு?

மாற்றுத்திறனாளிகள் தங்கள் வாகனங்களை நிறுத்துவதைக் குறித்து விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் உலவிவரும் அபிப்பிராயங்களில் பெரும்பாலானவை துவேஷத்தால் பிறந்தவை அல்ல. விஷயம் தெரியாமையாலும், பிற தேசங்களின் ஏற்பாடுகளை நம்முடையவை என்று எண்ணிக்கொள்வதாலும் பிறந்தவை. ஆயினும் அவற்றால் விளையும் கஷ்டம், காலிப்பர் பூட்டிய காலோடும் ஊன்றுகோலோடும் ஆஸ்பத்திரிக்கோ ரயிலடிக்கோ வந்து சேரும் மனிதரையே தாக்குகிறதாகையால், அவற்றுள் முக்கியமானவற்றையேனும் எடுத்து ஆராய்வது அவசியமாகிறது.

முதலாவது நம்பிக்கை, ஆர்.டி.ஓ. ஆபீசில் மனுக் கொடுத்தால் மாற்றுத்திறனாளிக்குப் "பார்க்கிங் பெர்மிட்" கிடைக்கும் என்பது. லண்டனிலும் சிங்கப்பூரிலும் உறவினர் உள்ள குடும்பங்களில் இந்த எண்ணம் வேரூன்றியிருப்பதில் ஆச்சரியமில்லை. பிரிட்டனில் 1971 முதல் ஆரஞ்சு நிற அட்டை வழங்கப்பட்டது; 2000 முதல் அதற்குப் பதிலாக நீல நிற அட்டை வழங்கப்பட்டு வருகிறது. சிங்கப்பூரிலும் இதைப் போன்ற அட்டை உண்டு. நம் நாட்டிலோ, 2016-ஆம் ஆண்டில் இயற்றப்பெற்று 2017 ஏப்ரல் 19 முதல் அமலில் இருக்கும் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், முன்பு ஏழாக இருந்த குறைபாட்டு வகைகளை இருபத்தொன்றாக விரித்ததேயன்றி, வண்டி நிறுத்துவதற்கென்று தனி அனுமதிச் சீட்டு எதையும் ஏற்படுத்தவில்லை. நம்மிடம் இருப்பது யு.டி.ஐ.டி. என்று வழங்கும் தனித்துவ அடையாள அட்டை. அதில் காணும் வெள்ளை, மஞ்சள், நீலக் கோடுகள் குறைபாட்டின் விழுக்காட்டை அறிவிப்பவை. வண்டி நிறுத்துவதைப் பற்றி அவை ஒன்றும் சொல்வதில்லை.

இதிலிருந்து பிறப்பதே இரண்டாவது நம்பிக்கை. முதலாவதைக் காட்டிலும் கேடு மிகுந்தது. பெர்மிட் இல்லையென்றால் உரிமையும் இல்லை, வாசலுக்கு அருகில் வண்டியை விடச் சம்மதிப்பது ஸ்டாண்டுக்காரரின் தயவு என்று பலர் நினைக்கிறார்கள்; வருந்தத்தக்க விஷயம் யாதெனில், மாற்றுத்திறனாளிகளிலேயே அநேகர் அப்படித்தான் நினைத்து, கைகூப்பிக் கேட்டுவிட்டு, மறுத்தால் மௌனமாகத் திரும்பிவிடுகிறார்கள். மேற்சொன்ன சட்டத்தின் 41-ஆவது பிரிவு, பேருந்து நிறுத்தங்களிலும் ரயில் நிலையங்களிலும் விமான நிலையங்களிலும் வாகனம் நிறுத்துமிடம், கழிப்பறை, டிக்கெட் கவுண்டர் ஆகியவற்றை நிர்ணயிக்கப்பட்ட தரத்தின்படி அமைத்துக் கொடுக்கும் கடமையை அரசாங்கத்தின்மீது சுமத்துகிறது. அந்தத் தரத்துக்கு ஒவ்வாத வரைபடத்தோடு வரும் கட்டடத்துக்கு அனுமதியே அளிக்கலாகாது என்கிறது 44-ஆவது பிரிவு. ஏற்கெனவே நிற்கும் பொதுக் கட்டடங்களையும் விதிகள் வெளியான நாள் தொட்டு ஐந்தாண்டுக்குள் திருத்தி அமைக்க வேண்டும் என்கிறது 45-ஆவது பிரிவு. விதிகள் வெளியானது 2017 ஜூன் மாதத்தில், ஆகவே அந்தத் தவணை 2022-லேயே கழிந்துவிட்டது. ரயில்வேயும் நிலையங்களில் உடனடியாகச் செய்துகொடுக்க வேண்டிய வசதிகளின் பட்டியலில், சாய்தளத்துக்கு அடுத்தபடியாகக் குறைந்தது இரண்டு வாகன இடங்களை ஒதுக்குவதைச் சேர்த்திருக்கிறது. விழுப்புரம் ஜங்ஷனில் வண்டியை நிறுத்த இடம் கேட்பவர் யாரிடமும் யாசகம் கேட்கவில்லை.

இனி, மற்ற இடங்களைப் போன்ற ஓர் இடத்தில் சக்கர நாற்காலிப் படத்தை வரைந்துவிட்டாலே போதும் என்ற எண்ணத்தைப் பார்ப்போம். சாதாரணமாக ஒரு காருக்கு இரண்டரை மீட்டர் அகலம் ஒதுக்கப்படுகிறது. தேசியக் கட்டட விதித்தொகுப்பு மாற்றுத்திறனாளியின் காருக்கு 3.6 மீட்டர் அகலம் கேட்கிறது. அந்த இடம் கட்டடத்தின் நுழைவாயிலிலிருந்து 30 மீட்டருக்கு மேல் தள்ளியிருக்கலாகாது என்றும் விதிக்கிறது. மிகுதியான அந்த ஒரு மீட்டருக்குச் சற்று மேற்பட்ட அகலம் எதற்காக என்றால், கதவை முழுவதுமாகத் திறந்து, நாற்காலியை இறக்கி விரித்து, இருக்கையோடு ஒட்டி நிறுத்தி, கைகளை ஊன்றி உடம்பை அதற்கு மாற்றுவதற்காக. பக்கத்துக் கார் அந்த இடைவெளியில் நுழைந்து நின்றுவிட்டால், உள்ளே இருப்பவர் இறங்க முடியாமல், அல்லது திரும்பி வந்தவர் ஏற முடியாமல், அந்தக் காரின் சொந்தக்காரர் வரும்வரை காத்துக் கிடக்க வேண்டியதுதான்.

ஆனால் நம் ஊர்களில் இந்தப் பிரச்சினையைக் காரை வைத்து மட்டும் யோசிப்பது போதாது என்பது என் திடமான அபிப்பிராயம். மயிலத்திலிருந்தும் செஞ்சியிலிருந்தும் கலெக்டர் ஆபீசுக்கு வருகிற மாற்றுத்திறனாளியின் வாகனம் பெரும்பாலும், இரு கால்களும் பாதிக்கப்பட்டவர்களுக்குத் தமிழக அரசு இலவசமாக வழங்கும் இணைப்புச் சக்கர ஸ்கூட்டர்தான். அதைக் கூர்ந்து கவனித்தவர்களுக்கு அதன் இயல்பு விளங்கும். பின்புறம் இருபக்கமும் சக்கரம் நீட்டிக்கொண்டிருப்பதால், இருசக்கர வண்டிகளை நெருக்கி அடுக்கும் ஸ்டாண்டு வரிசையில் அது நுழையாது; மற்ற வண்டிகளைப் போலச் சாய்த்தோ, பின்புறத்தைத் தூக்கிப் போட்டோ நகர்த்தவும் இயலாது. பெரும்பாலானவற்றில் பின்னோக்கிச் செல்லும் கியர் கிடையாது. மற்றவர் காலைத் தரையில் உதைத்துப் பின்னுக்கு எடுப்பார். இவருக்கோ அந்தக் காலில்தான் பலமில்லை. ஆகவே நேராக உள்ளே சென்று நேராகவே வெளியேறத்தக்க இடம் இல்லாவிட்டால், யாராவது வந்து தள்ளிவிடும்வரை அவர் வண்டியில் அமர்ந்தபடியே இருக்க வேண்டும். பக்கவாட்டில் கொக்கியில் மாட்டியிருக்கும் ஊன்றுகோலை உருவி, அதை ஊன்றி எழுந்திருப்பதற்கும் ஒரு பக்கம் வெற்றிடம் வேண்டும். காருக்கு ஒதுக்குவதைப் போலவே இந்த வண்டிக்கும் ஏற்ற அளவில் தனி இடம் ஒதுக்கினால் எத்தனையோ உபகாரமாக இருக்கும். அத்தகைய இடத்தை நகராட்சிகள் தம் சொந்தப் பொறுப்பில் ஒதுக்குவதற்கு எந்தத் தடையும் இல்லை.

கண்ணாடியில் சக்கர நாற்காலி ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் அதுவே உரிமை என்று கருதுவோரும் உண்டு. அந்தச் சின்னம் 1968-இல் டென்மார்க் தேசத்து மாணவி ஒருவர் வரைந்தது. கடையில் எவரும் வாங்கலாம். அது அத்தாட்சி ஆகாது. வரையறுத்த அளவுக்குக் குறைபாடு உடையவர்களுக்கென்று ஏற்பட்ட சலுகையை மோசடியாக அனுபவிப்பவருக்கு இரண்டாண்டு வரை சிறைத் தண்டனையோ, லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம் என்று உரிமைகள் சட்டத்தின் 91-ஆவது பிரிவு கூறுகிறது.

வண்டி நிறுத்துவதைப் போலவே சுங்கத்தைப் பற்றியும் ஒரு தவறான நம்பிக்கை உண்டு. விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்கு நெடுஞ்சாலையில் காரில் பிரயாணம் செய்யும் மாற்றுத்திறனாளிகள் விக்கிரவாண்டிச் சுங்கச்சாவடியில் அடையாள அட்டையைக் காட்டினால் கட்டணம் இல்லை என்று நம்பி ஏமாறுகிறார்கள். 2008-ஆம் ஆண்டின் சுங்கக் கட்டண விதிகள் விலக்கு அளிப்பது மனிதரைப் பார்த்தல்ல, வாகனத்தைப் பார்த்து. மாற்றுத்திறனாளியின் உபயோகத்துக்கென்றே பிரத்தியேகமாக வடிவமைக்கப்பட்ட வாகனத்துக்குத்தான் அந்த விலக்கு. 2020-இல் பதிவு விண்ணப்பப் படிவம் திருத்தப்பட்டு, உரிமையாளர் மாற்றுத்திறனாளி என்பதைப் பதிவுச் சான்றிலேயே குறிக்க வழி செய்யப்பட்டது. இந்தக் குறிப்பைச் சரியாக எழுதி வாங்கிக்கொண்டு, விலக்குக்கு உரிய ஃபாஸ்டேக்கையும் பெற்றுக்கொள்வது சாவடியில் நின்று வாதாடுவதைவிடப் பயன் தரும்.

கடைசியாக, சட்டம் ஏட்டில்தான், மீறினால் ஒன்றும் நேராது என்ற விரக்தி. முதல் மீறலுக்குப் பத்தாயிரம் ரூபாய் வரையிலும், தொடர்ந்த மீறலுக்கு ஐம்பதாயிரத்திலிருந்து ஐந்து லட்சம் வரையிலும் அபராதம் உண்டு. ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2024 நவம்பர் 8 அன்று, அணுகல் தரங்களை வெறும் யோசனைகளாக வைத்திருந்த, 2017 விதிகளின் 15-ஆவது விதி சட்டத்துக்கு முரணானது என்று தீர்ப்பளித்து, கட்டாயமான விதிகளை மூன்று மாதத்துக்குள் வகுக்கும்படி மத்திய அரசைப் பணித்தது. ஆகவே திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் மனுக் கொடுப்பவர், "சிரமமாக இருக்கிறது" என்று பொதுவாக எழுதாமல், எந்தக் கட்டடம், வாசலிலிருந்து எத்தனை மீட்டர், இடத்தின் அகலம் எவ்வளவு, எந்தத் தேதியில் இடம் மறுக்கப்பட்டது என்பவற்றைக் குறித்து, 41, 45-ஆவது பிரிவுகளைச் சுட்டி எழுத வேண்டும். அங்கே பலன் கிட்டாவிடில் அதே மனுவை மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையருக்கு அனுப்பலாம். விசாரணையில் சிவில் நீதிமன்றத்துக்குரிய அதிகாரங்கள் அவருக்கு உண்டு, அவருடைய பரிந்துரை கிடைத்த மூன்று மாதத்துக்குள், எடுத்த நடவடிக்கையைச் சம்பந்தப்பட்ட அதிகாரி அவருக்குத் தெரிவித்தாக வேண்டும்.