மக்காச்சோளப் படைப்புழுவும் படத்தால் பூச்சியை அறியும் முறையும்

கோயமுத்தூர், திருப்பூர், ஈரோடு ஜில்லாக்களில் சாகுபடியாகும் தானியங்களுள் மக்காச்சோளம் இப்பொழுது முக்கியமான இடத்தைப் பெற்றிருக்கிறது. பல்லடம், நாமக்கல் பிரதேசங்களிலுள்ள கோழிப் பண்ணைகள் இத்தானியத்தைத் தீவனத்திற்காகப் பெரிதும் வாங்குவதால், உடுமலைப்பேட்டை, பல்லடம் தாலுகாக்களில் தோட்டக்காலிலும் மானாவாரியிலும் இது பயிராகின்றது. இப்பயிருக்கு 2018-ம் வருஷத்தில் ஒரு புதிய சத்துரு தோன்றிற்று. அமெரிக்கக் கண்டத்திற்குரிய படைப்புழு 2016-ல் ஆப்பிரிக்காவில் காணப்பட்டது. 2018 மே மாதத்தில் கர்நாடகத்திலுள்ள சிவமொக்காவில் கண்டறியப்பட்டு, அவ்வருஷத்திலேயே தமிழ்நாட்டிலும் பரவிப் பெருஞ் சேதம் விளைத்தது.

இப்புழுவைக் கைப்பேசியால் படமெடுத்து அடையாளங் காணும் முறை இப்பொழுது விவசாயிகளுக்குக் கிடைத்திருக்கிறது. அதனால் விளையும் பயனும், அதனை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதும் இங்கே விளக்கப்படுகின்றன.

புழுவின் வாழ்க்கை

தாய் அந்துப்பூச்சி இலைகளின்மேல் 100 முதல் 200 வரை முட்டைகளைக் குவியலாக இட்டு, தன் உடல் ரோமத்தால் மூடிவிடுகின்றது. இரண்டு மூன்று நாட்களில் புழுக்கள் வெளிவருகின்றன. இளம் புழுக்கள் இலையின் பச்சையத்தைச் சுரண்டுவதால் இலையில் வெண்ணிறச் சாளரங்கள் போன்ற திட்டுக்கள் உண்டாகும். பின்னர் அவை குருத்தினுள் புகுந்து, மரத்தூள் போன்ற கழிவால் வழியை அடைத்துக்கொண்டு உள்ளேயே தின்னும். அந்நிலையில் தெளிக்கும் மருந்து புழுவைச் சென்று அடைவதில்லை. ஆகையால் புழு சிறிதாயிருக்கும்பொழுதே அதனைக் கண்டுகொள்வது அவசியம். முற்றிய புழு மண்ணில் இறங்கிக் கூட்டுப்புழுவாகும்.

கருவி வேலை செய்யும் விதம்

படத்தைக் கொண்டு பூச்சியை அறிதல் புதிதன்று. சென்னை அரசாங்கத்தின் பூச்சியியல் நிபுணராயிருந்த ப்ளெட்சர் என்பவர் 1914-ல் தென்னிந்தியப் பூச்சிகளைப் பற்றி ஏராளமான படங்களுடன் ஒரு நூல் வெளியிட்டார். டி. வி. ராமகிருஷ்ண ஐயரின் கைந்நூல் 1940-ல் வெளிவந்தது. அந்நூல்களில் படத்தையும் பூச்சியையும் மனிதன் ஒப்பிட்டுப் பார்த்தான். இப்பொழுது அவ்வேலையைக் கணிப்பொறி செய்கின்றது. நிபுணர்கள் பெயரிட்ட ஆயிரக்கணக்கான படங்கள் முதலில் அதற்குக் காட்டப்படுகின்றன. அவற்றின் நிறம், வடிவம், கோடு, புள்ளி ஆகியவற்றிலிருந்து அது தானே அடையாளங்களைத் தேர்ந்துகொள்கின்றது. புதிய படம் வரும்பொழுது, அது இன்ன பூச்சியாயிருக்கக் கூடும் என்று உத்தேசமாகக் கூறுகின்றது.

ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய ஸ்தாபனமும் அமெரிக்காவிலுள்ள பென்சில்வேனியா ஸ்டேட் சர்வகலாசாலையும் சேர்ந்து, இப்படைப்புழுவை அறிவதற்கென்றே ‘நூரு’ என்னும் செயலியை 2018-ல் ஆப்பிரிக்க விவசாயிகளுக்கு அளித்தன. இந்திய அரசாங்கம் 2024 ஆகஸ்டு 15-ந் தேதி தேசியப் பூச்சிக் கண்காணிப்பு முறையைத் தொடங்கிற்று. விவசாயிகள் கைப்பேசியில் எடுத்தனுப்பும் படங்களை அது ஆராய்கின்றது.

கருவி தவறும் இடங்கள்

ஆராய்ச்சியாளர்கள் 2016-ல் வெளியிட்ட ஒரு பரிசோதனை யாவரும் அறியத்தக்கது. 54,306 இலைப் படங்களைக் கொண்டு பயிர் நோய்களைக் காணக் கணிப்பொறி பழக்கப்பட்டது. பழக்கிய படங்களை ஒத்த வேறு படங்களில் அது நூற்றுக்கு 99-க்கு மேல் சரியாகச் சொல்லிற்று. வேறு சூழ்நிலையில் எடுத்த படங்களைக் காட்டியபொழுதோ, நூற்றுக்குச் சுமார் 31 மாத்திரமே சரியாயிருந்தது. வெயில், நிழல், மண், தூசி ஆகிய யாவும் கருவியை ஏமாற்றக் கூடும் என்பது இதனால் விளங்கும்.

படைப்புழுவின் விஷயத்தில் மற்றொரு சங்கடமும் உண்டு. தலையில் தலைகீழான ‘ஒய்’ எழுத்துப் போன்ற கோடும், வால்புறத்தில் சதுரமாக அமைந்த நான்கு கரும்புள்ளிகளும் இப்புழுவின் அடையாளங்கள். புழு வளர்ந்த பின்னரே இவை தெளிவாகும். மருந்து எளிதில் பலிக்கும் இளம் பருவத்தில் அடையாளம் மங்கலாயிருக்கும். அடையாளம் தெளிவாகும் பருவத்தில் புழு குருத்தினுள் ஒளிந்திருக்கும். தண்டுத் துளைப்பானின் இளம் புழுக்களும் இலையைச் சுரண்டும். ஆதலால் ஒரே படத்தை நம்பி மருந்து வாங்குதல் தகாது.

படம் எடுக்கும் முறை

1. காலை வேளையில், சூரியன் முதுகுப்புறம் இருக்குமாறு நின்று, தன் நிழல் செடியின்மேல் விழாமல் எடுக்கவேண்டும்.
2. முழுச்செடி, குருத்து, இலைத் திட்டு, முட்டைக் குவியல் ஆகியவற்றைத் தனித்தனியே எடுக்கவேண்டும்.
3. குருத்தை விரித்துப் புழுவை வெளியே எடுத்து, தலையும் வால்புறமும் தெரியும்படி அருகிலிருந்து எடுக்கவேண்டும்.
4. கருவி கூறும் பெயரை மேற்கூறிய அடையாளங்களுடன் கண்ணால் ஒப்பிடவேண்டும். சந்தேகமிருப்பின் புழுவை வேளாண்மை அதிகாரியிடமோ, கோயமுத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்திலோ காட்டவேண்டும்.

எண்ணிக்கையே முடிவு செய்யும்

கருவி புழுவின் பெயரைச் சொல்லும். மருந்து தேவையா என்பதைச் சொல்லாது. அதற்கு நிலத்தில் நடந்தே தீரவேண்டும். குறுக்கும் நெடுக்குமாகச் சென்று, ஐந்து இடங்களில் இடத்துக்கு 20 செடிகளாக 100 செடிகளைப் பார்க்கவேண்டும். இளம் பயிரில் 5 செடிகள் தாக்கப்பட்டிருப்பின் சிகிச்சை தொடங்கலாம். குருத்து வளர்ந்த பயிரில் 10 வரை பொறுக்கலாம். பூக்கதிர் வந்தபின் மருந்தடிப்பது செலவுக்கு ஈடாகாது; புழுக்களைக் கையால் பொறுக்கி அழிப்பதே நலம்.

சிகிச்சையில் முதல் இடம் உழவுக்கு உரியது. ஆழ உழுதால் கூட்டுப்புழுக்கள் வெயிலிலும் பறவைகளாலும் அழியும். கடைசி உழவில் ஏக்கருக்கு 100 கிலோ வேப்பம் பிண்ணாக்கு இடலாம். வரப்பை ஒட்டித் தட்டைப்பயறு, எள், சூரியகாந்தி இவற்றுள் ஒன்றை விதைக்கலாம். ஏக்கருக்கு 5 இனக்கவர்ச்சிப் பொறிகள் வைத்தால் அந்துப்பூச்சியின் வரவு தெரியும். இளம் புழுவுக்கு 10 லிட்டர் தண்ணீரில் 20 மில்லி அசாடிராக்டின் 1 சதவிகித மருந்து போதும். மிஞ்சினால் 10 லிட்டருக்கு 4 கிராம் எமாமெக்டின் பென்சோயேட் குருத்தில் விழும்படி தெளிக்கலாம். ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப உபயோகித்தால் புழு அதற்குப் பழகிவிடும்.

கிராம அதிகாரிகள் கவனிக்க வேண்டியவை

இதன் அந்துப்பூச்சி ஓர் இரவில் நெடுந்தூரம் பறக்கவல்லது. ஒருவர் தோட்டத்தில் கண்டது ஊர் முழுவதற்கும் எச்சரிக்கையாகும். ஆகவே படத்துடன் தேதி, சர்வே எண், பயிரின் வயது, 100 செடிகளில் தாக்கப்பட்ட தொகை ஆகியவற்றைக் குறித்து வைத்தால், அயலார் முன்கூட்டியே தங்கள் பயிரைப் பார்க்க இயலும். பேரிடர் நிவாரண விதிகளின்படி நூற்றுக்கு 33-க்குக் குறையாத சேதமே உதவிக்கு உரியது. அத்தருணத்தில் தேதியிட்ட படங்கள் துணை செய்யும். ஆயினும் நேரில் சென்று பார்வையிடுவதற்கு அவை ஈடாகமாட்டா.

கைப்பேசி புழுவின் பெயரைச் சில நொடிகளில் கூறிவிடுகின்றது. பயிர் முளைத்த நாள்முதல் வாரந்தோறும் குருத்தை விரித்துப் பார்த்து வரும் குடியானவருக்கே அது உற்ற காலத்தில் உதவும்.