அணை நீரைக் கோடு போட்டுப் பாருங்கள்

கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல் நிலத்திற்குப் பெரியாறு அணை நீரே ஆதாரம். தண்ணீர் திறந்தவுடன் நாற்று விடுகிறோம். அது அறுவடை வரை வருமா என்பதை ஒரு கணக்கு நோட்டும் அடிக்கோலும் கொண்டு நீங்களே பார்க்கலாம்.

கட்டம் போட்ட தாளில் கீழே குறுக்காக ஒரு கோடு போடவும்; அது நாள். ஒரு கட்டத்திற்குப் பத்து நாள். இடது ஓரத்தில் மேல்நோக்கி ஒரு கோடு போடவும். அது அணையின் நீர் இருப்பு. ஒரு கட்டத்திற்கு 200 மில்லியன் கன அடி.

விநாடிக்கு ஒரு கன அடி வீதம் ஒரு நாள் ஓடினால் 86,400 கன அடி. பாசனத்திற்கு 200, குடிநீருக்கு 100, ஆக 300 கன அடி திறப்பதாகக் கொள்வோம். நாளொன்றுக்குச் சுமார் 26 மில்லியன் கன அடி குறையும். இருப்பு 2,000 என்றால், இடது ஓரத்தில் பத்தாம் கட்டத்தில் ஒரு புள்ளி வைக்கவும். ஐம்பதாம் நாளில் இருப்பு சுமார் 700. அங்கே ஒரு புள்ளி. இரண்டையும் சேர்த்துக் கோட்டை நீட்டினால் அது 77-ஆம் நாளில் அடிக்கோட்டைத் தொடும். 120 நாள் நெல்லுக்கு அது சூல்கட்டும் பருவம். தண்ணீர் குறையக் கூடாத நேரம் அதுதான்.

அணைக்கு 100 கன அடி நீர்வரத்து இருந்தால் நிகரக் குறைவு 200 கன அடியே. கோட்டின் சரிவு குறையும். 116-ஆம் நாள் வரை போகும். செங்குத்தாக இறங்கும் கோடு விரைவில் தீரும். சாய்வாக இறங்கும் கோடு நீடிக்கும். திறப்போ வரத்தோ மாறினால் கோடு ஒடியும். எனவே வாரம் ஒரு முறை அன்றைய இருப்பிலிருந்து புதிதாகக் கோடு போடவும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. அடிக்கணக்கை வைத்து இந்தக் கோட்டைப் போடாதீர்கள். 104 அடிக்குக் கீழே உள்ள நீர் நமக்கு வராது. மட்டம் 120 அடியிலிருந்து 112 ஆனால் எட்டு அடிதானே என்று தோன்றும். ஆனால் நமக்குரிய 16 அடியில் பாதி போய்விட்டது. நீர்த்தேக்கம் மேலே அகன்றும் கீழே குறுகியும் இருப்பதால் மீதமுள்ள நீர் பாதியிலும் குறைவே. நாளிதழில் மட்டத்துடன் வரும் இருப்பு, வரத்து, திறப்பு ஆகிய மூன்றையும் குறித்துக்கொள்ளவும்.

மேகமலைக் காடுகளிலிருந்து இறங்கும் சுருளியாற்று நீர் இந்தக் கணக்கில் சேராது. அது வந்தால் கூடுதல் வரவு.

நாற்று விடும் முன் கோடு எந்த நாளில் அடியைத் தொடுகிறது என்று பார்க்கவும். அறுவடைக்குப் பத்து நாள் முன்பு வரை நீர் எட்டாது என்றால் குறுகிய வயதுடைய நெல் இரகத்தைத் தேர்ந்தெடுப்பது நலம். இனிப் பெய்யப்போகும் மழையை நம்பிக் கோட்டை நீட்ட வேண்டாம்.