பெட்டியிலா, சட்டைப்பையிலா?

கேள்வி: புழங்காத பழைய அமெரிக்க ‘கேஸ்’ மடக்குக்கத்தி ஒன்று கிடைத்திருக்கிறது. பையில் வைத்துப் புழங்கலாமா?

பதில்: முதலில் அலகின் முத்திரையைப் பாருங்கள். அந்த நிறுவனம் 1965இல் ‘யு.எஸ்.ஏ.’ சேர்த்தது, 1970இல் பத்துப் புள்ளிகள் பொறித்து, ஆண்டுக்கு ஒன்றாகக் குறைத்தது. முத்திரை வயதைத்தான் சொல்லும். சேகரிப்பாளர் காசு கொடுப்பது தீட்டப்படாத விளிம்புக்கு. சாணைக்கல் தின்ற எஃகு திரும்பாது. இன்று பூட்டி வைத்ததை நாளை புழங்கலாம். புழங்கியதைப் புதிதாக்க முடியாது. ஆகவே பாதுகாக்கவே சொல்வேன். வெட்டத்தானே கத்தி என்பீர்கள். நியாயம்தான், பழம் நறுக்க இன்றைய கேஸ் கத்தி போதாதா? ஏற்கெனவே தீட்டியதென்றால் தாராளமாகப் புழங்குங்கள். பூட்டி வைப்பதிலும் வேலை உண்டு: தோலுறை ஈரத்தை இழுத்து கார்பன் எஃகைத் துருவேற்றும். உறையை நீக்கி, மெல்லிய எண்ணெய் பூசி, உலர்ந்த இடத்தில் வையுங்கள்.