ஆக்சிஜன் கருவியின் பேட்டரி: குடும்பத்தினர் அறிய வேண்டியவை

நாள்பட்ட நுரையீரல் நோய்க்காக வீட்டில் கையடக்க ஆக்சிஜன் செறிவூட்டியைப் பயன்படுத்துவோரின் குடும்பத்தினர் பலர் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு: "லித்தியம் அயனி பேட்டரியைவிட லித்தியம் பாலிமர் பேட்டரி பாதுகாப்பானதா?" பெயரை மட்டும் கொண்டு இதற்கு விடை கூற இயலாது.

இரண்டும் இயங்கும் முறை ஒன்றே. சார்ஜ் செய்யும்போது லித்தியம் அயனிகள் ஒரு மின்வாயிலிருந்து மற்றொன்றுக்குச் செல்கின்றன. கருவி இயங்கும்போது திரும்பி வருகின்றன. 1991-இல் விற்பனைக்கு வந்த வழக்கமான வகை, பெரும்பாலும் உருளை வடிவ உலோகக் கூட்டில் அமைந்தது. பாலிமர் வகை, மெல்லிய அலுமினியப் படலப் பையில் அடைக்கப்படுகிறது. ஆகவே எடை குறைவு, தட்டையாகவும் செய்யலாம். ஆயினும் கடைகளில் கிடைக்கும் பாலிமர் பேட்டரிகளில் பெரும்பாலானவற்றிலும் தீப்பற்றக்கூடிய கரைப்பான் உள்ளது.

பழுதடையும்போதுதான் வேறுபாடு தெரியும். உள்ளே வாயு உண்டானால் உலோகக் கூடு வெளித்தோற்றத்தில் எளிதில் மாறாது. பாலிமர் பை உப்பும். பேட்டரியின் மூடி பொருந்தாமல் நிற்பதும், மேசைமீது வைத்தால் ஆடுவதும் அதன் அறிகுறிகள். அதனை அழுத்தவோ குத்தவோ கூடாது.

ஆக்சிஜன் தானாக எரிவதில்லை. ஆனால் பற்றிய தீயை மிக விரைவாகப் பரவச் செய்யும். எனவே எவ்வகை பேட்டரியாயினும் பின்வருவனவற்றைக் கடைப்பிடியுங்கள்:

1. கருவியுடன் வழங்கப்பட்ட சார்ஜரையே பயன்படுத்துங்கள்.

2. மெத்தை, தலையணை மீது வைத்து சார்ஜ் செய்யாதீர்கள். வெயிலில் நிற்கும் காரில் கருவியை விட்டுச் செல்லாதீர்கள்.

3. பேட்டரி உப்பினாலோ, வழக்கத்திற்கு மாறாகச் சூடேறினாலோ, புதிய நெடி வந்தாலோ அதன் பயன்பாட்டை நிறுத்தி, கருவி வழங்கியவருக்குத் தெரிவியுங்கள்.

4. புகை கண்டால் முதலில் நோயாளியை வெளியே அழைத்துச் செல்லுங்கள். பின்னர் தீயணைப்புத் துறையை 101 என்ற எண்ணில் அழையுங்கள்.

இன்னொன்றையும் மறவாதீர்கள். பழுதான பேட்டரியை நிறுத்தலாம். நோயாளிக்குத் தேவையான ஆக்சிஜனை நிறுத்தலாகாது. மாற்று பேட்டரியோ, நிரப்பிய சிலிண்டரோ வீட்டில் ஆயத்தமாக இருக்கட்டும். சிலிண்டரைத் திறக்கும் முறையைக் குடும்பத்தில் இருவரேனும் கற்றிருப்பது நன்று. அடுத்த முறை மருத்துவமனைக்கு வரும்போது கருவியையும் உடன் கொண்டு வந்து எங்களிடம் காட்டுங்கள்.