கேழ்வரகு மாவில் வாழைப்பழக் கேக்

தார் முழுவதும் ஒரே சமயத்தில் பழுத்து, தோல் கறுத்து, கடைக்காரர் வாங்க மறுக்கும் பழமே கேக்குக்கு ஏற்றது. பழுக்கப் பழுக்க மாவுச்சத்து சர்க்கரையாக மாறுவதால் வெல்லம் குறைத்துப் போட்டால் போதும்.

கேழ்வரகில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு. ஆனால் கோதுமையிலுள்ள பசைப் புரதம் இதில் கிடையாது. தனியாகச் சுட்டால் கேக் உதிர்ந்துவிடும். எனவே 100 கிராம் கேழ்வரகு மாவுடன் அதே அளவு சலிக்காத கோதுமை மாவு சேர்க்க வேண்டும். மசித்த பழம் 200 கிராம், பொடித்த வெல்லம் 100 கிராம், எண்ணெய் 75 மில்லி, முட்டை 2 ஆகியவற்றை அடித்து, மாவைக் கலந்து, 15 நிமிடம் ஊறவிடவும். தவிடு நீரை இழுத்து மென்மையாகும். அவசரப்படுபவர்களின் கேக் நறநறவென்றுதான் இருக்கும்! கெட்டியானால் சிறிது பால் விடலாம். பேக்கிங் பவுடர் ஒரு தேக்கரண்டி, சமையல் சோடா அரைத் தேக்கரண்டி கடைசியில்தான் சேர்க்க வேண்டும். முன்பே போட்டால் வாயு வீணாகும்.

மின் அடுப்பானால் 180 டிகிரியில் 40 நிமிடம். இல்லாதவர்கள் கனமான சட்டியில் மணல் பரப்பிக் காயவைத்து, கேக் பாத்திரத்தை அதன்மேல் வைத்து மூடி, சிறு தீயில் 50 நிமிடம் வேகவிடலாம். குச்சியைச் செருகினால் ஒட்டக்கூடாது.

முழுத்தானிய மாவில் முளையின் எண்ணெய் இருப்பதால் காறல் வாடை சீக்கிரம் வரும். அவ்வப்போது அரைத்துக்கொள்வதே நல்லது.