இரண்டாவது ஐ.எஃப்.எஸ்.



போன மாதம் எங்கள் வகுப்பில் வினாடி வினா நடந்தது. "ஐ.எஃப்.எஸ். என்பதன் விரிவாக்கம் என்ன?" என்று டீச்சர் கேட்டார். நான் துள்ளி எழுந்து "இந்திய வனப் பணி" என்றேன். எதிர் அணியில் ஒருவன் "இந்திய வெளியுறவுப் பணி" என்றான். இரண்டுமே சரிதான் என்று சொல்லி டீச்சர் ஆளுக்கு அரை மார்க் போட்டார். கடைசியில் அந்த அரை மார்க்கில்தான் நாங்கள் தோற்றோம். அந்தக் கோபத்தில் இரண்டாவது ஐ.எஃப்.எஸ். என்றால் என்னதான் என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படித்ததில் ஒரு அம்மாவின் கதை மனதை விட்டுப் போகவில்லை. அதற்கு முன்னால் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

தூதர் என்றதும் நமக்கு ஞாபகம் வருவது கோட்டு சூட்டு, கொடி கட்டிய கார், பெரிய விருந்து. சினிமாவில் அதைத்தானே காட்டுகிறார்கள்! ஆனால் சேர்ந்த உடனே யாரும் தூதர் ஆகிவிடுவதில்லை. முதலில் மூன்றாம் செயலாளர், பிறகு இரண்டாம் செயலாளர், முதல் செயலாளர் என்று படிப்படியாக ஏற வேண்டும். தூதர் ஆவதற்குள் தலையில் நரை வந்துவிடும். இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் மாதிரி காமன்வெல்த் நாடுகளில் தூதருக்கு உயர் ஆணையர் என்று பெயர். பெயர்தான் வேறு, வேலை ஒன்றுதான்.

அந்த நாட்டில் என்ன நடக்கிறது என்று கவனித்து டெல்லிக்கு எழுதி அனுப்புவது ஒரு வேலை. வியாபாரத்துக்கு வழி செய்வது இன்னொன்று. எனக்குப் பெரிதாகத் தெரிவது மூன்றாவது: அங்கே மாட்டிக்கொண்ட நம்ம ஆட்களைப் பார்த்துக்கொள்வது. எங்கள் பெரியப்பா மகன் ரியாத்தில் கொத்தனாராக இருந்தபோது பாஸ்போர்ட்டைத் தொலைத்துவிட்டார். ஊருக்கு வர வழியில்லாமல் தவித்தவருக்கு நமது தூதரகத்தில்தான் ஒரு அவசரச் சான்றிதழ் கொடுத்தார்கள். அது பாஸ்போர்ட் மாதிரி பல தடவை போய்வர உதவாது. ஒரே ஒரு தடவை இந்தியாவுக்குத் திரும்பி வரலாம், அவ்வளவுதான். அண்ணன் அதை இன்னும் பத்திரமாக வைத்திருப்பதாகப் பெரியம்மா சொன்னார். வெளிநாட்டில் யாராவது இறந்துபோனால் உடலை ஊருக்கு அனுப்பத் தேவையான தாள்களைத் தருவதும், அங்கே ஜெயிலில் இருக்கும் இந்தியரைப் போய்ப் பார்ப்பதும் இவர்கள் வேலைதான். கைதானவரைத் தூதரக அலுவலர் சந்திக்கலாம் என்று 1963-ல் வியன்னாவில் செய்த உலக ஒப்பந்தமே இருக்கிறது.

1990 ஆகஸ்ட் 2-ஆம் தேதி ஈராக் படை குவைத்துக்குள் புகுந்தது. அப்போது அங்கே இருந்த இந்தியர்கள் ஒன்றரை லட்சத்துக்கும் அதிகம். அவர்களை பஸ் பஸ்ஸாக ஜோர்டான் நாட்டு அம்மான் நகரத்துக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து ஏர் இந்தியா விமானங்கள் ஏறக்குறைய 500 தடவை பறந்து ஊருக்குக் கொண்டுவந்து சேர்த்தன. கையில் சரியான தாள் இல்லாதவரை யார் என்று விசாரித்து ஆவணம் எழுதிக் கொடுத்தால்தானே அவர் விமானம் ஏற முடியும்? விமானத்தைப் பற்றி எல்லாரும் பேசுகிறோம். எழுதிக் கொடுத்தவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

ஆபத்தும் உண்டு. 2008 ஜூலை 7 அன்று காபூலில் நமது தூதரக வாசலில் குண்டு வெடித்தது. அதில் வெங்கடேஸ்வர ராவ் என்ற வெளியுறவுப் பணி அதிகாரியும், ராணுவ அதிகாரியான பிரிகேடியர் மேத்தாவும், இன்னும் பலரும் உயிரிழந்தார்கள்.

இனி அந்த அம்மாவின் கதை. அவர் பெயர் சி.பி.முத்தம்மா. 1924-ல் குடகு நாட்டில் விராஜ்பேட்டையில் பிறந்தார். அப்பா காட்டிலாகா அதிகாரி (ஆக, என்னுடைய அரை மார்க்கும் கதைக்குள் வந்துவிட்டது!). முத்தம்மாவுக்கு ஒன்பது வயதில் அப்பா இறந்துவிட்டார். அம்மாதான் நான்கு பிள்ளைகளையும் படிக்க வைத்தார். முத்தம்மா சென்னைக்கு வந்து பெண்கள் கிறித்தவக் கல்லூரியிலும், பிறகு மாநிலக் கல்லூரியில் ஆங்கில இலக்கியமும் படித்தார். படித்து முடித்துவிட்டு, சுதந்திரம் கிடைத்த கையோடு நடந்த மத்திய அரசுத் தேர்வை எழுதித் தேறினார். 1949-ல் இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்த முதல் பெண் அவர்தான். விஜயலட்சுமி பண்டிட் அதற்கு முன்பே, 1947-ல், ரஷ்யாவுக்குத் தூதராகப் போயிருக்கிறாரே என்று கேட்பீர்கள். அவரை அரசு நேரடியாக நியமித்தது. தேர்வு எழுதி வந்த முதல் பெண் முத்தம்மா.

நேர்முகத் தேர்விலேயே, இந்த வேலை பெண்ணுக்குச் சரிப்படாது என்று அவர் மனதை மாற்றப் பார்த்தார்களாம். அவர் அசையவில்லை. சேரும்போது ஒரு தாளை நீட்டினார்கள். கல்யாணம் செய்துகொண்டால் வேலையை விட்டுவிடுவேன் என்று அதில் எழுதியிருந்தது. கையெழுத்துப் போட்டால்தான் வேலை. போட்டார்.

பிறகு 1961-ல் வந்த விதிகளிலும் இது போகவில்லை. வெளியுறவுப் பணியில் இருக்கும் பெண், கல்யாணத்துக்கு முன்னால் அரசிடம் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். கல்யாணத்துக்குப் பிறகு, குடும்பப் பொறுப்பு வேலையைக் கெடுக்கிறது என்று அரசு நினைத்தால் எப்போது வேண்டுமானாலும் ராஜினாமா செய்யச் சொல்லலாம். கல்யாணமான பெண்ணுக்கு இந்தப் பணியில் சேர உரிமை கிடையாது என்று இன்னொரு விதி. ஆண்களுக்கு இப்படி எதுவும் இல்லை. அவர்களுக்கு இருந்த தடை வேறு: வெளிநாட்டுப் பெண்ணைக் கல்யாணம் செய்யக் கூடாது. பின்னாளில் நம் ஜனாதிபதியான கே.ஆர்.நாராயணனும் 1949-ல் இதே பணியில் சேர்ந்தவர்தான். ரங்கூனில் வேலை பார்த்தபோது பர்மாவைச் சேர்ந்த பெண்ணை விரும்பினார். பிரதமர் நேரு தனி அனுமதி கொடுத்ததால் 1951-ல் கல்யாணம் நடந்தது, வேலையும் இருந்தது. அது நல்ல விஷயம், குறை சொல்லவில்லை. ஆனால் ஒருவருக்காக விதியைத் தளர்த்த முடிகிறது என்றால், இன்னொருவருக்கு மட்டும் அது ஏன் கல்லாக நிற்க வேண்டும்?

முத்தம்மா பாரிஸ், ரங்கூன், லண்டன் என்று பல ஊர்களில் வேலை பார்த்தார். 1970-ல் ஹங்கேரிக்குத் தூதரானார். தேர்வு வழியாக வந்த பெண்களில் முதல் தூதரும் அவர்தான். பிறகு ஆப்பிரிக்காவில் கானா. ஆனால் உச்சப் படிக்குப் பதவி உயர்வு வரவேண்டிய நேரத்தில் அவரைத் தள்ளிவைத்துவிட்டு, அவருக்குப் பின்னால் சேர்ந்தவர்களுக்குக் கொடுத்தார்கள். நாமாக இருந்தால் அழுதுவிட்டு வீட்டுக்குப் போயிருப்போம். அவர் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். பெண் என்பதால்தான் தன்னை ஒதுக்கினார்கள் என்றும், இந்த விதிகள் அரசியல் சாசனம் தந்த சமத்துவத்துக்கு எதிரானவை என்றும் வழக்குப் போட்டார்.

வழக்கு நடக்கும்போதே அரசு அவசர அவசரமாகப் பதவி உயர்வைக் கொடுத்துவிட்டது. 1979-ல் தீர்ப்பு எழுதியவர் நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர். பாலக்காட்டுக்காரர், சென்னையில் சட்டம் படித்தவர். கல்யாணமான பெண்ணுக்குக் குடும்பக் கவலையால் வேலை கெடும் என்றால், கல்யாணமான ஆணுக்கும் அதே கவலை இருக்காதா என்பதுதான் அவர் கேட்டதன் சாரம். கேட்ட பதவி உயர்வு கிடைத்துவிட்டதால் மனுவைத் தள்ளுபடி செய்தார். அதோடு விட்டுவிடாமல், முத்தம்மாவின் பணி மூப்பை மறுபடி பரிசீலிக்க வேண்டும், பெண்களை வேறுபடுத்தும் விதிகளை எல்லாம் களைய வேண்டும் என்றும் சொன்னார். ஒரு விதியை நீக்கியாயிற்று, இன்னொன்றை நீக்கப் போகிறோம் என்று அரசு நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது. கணக்குப்படி பார்த்தால் வழக்கு தள்ளுபடி. ஜெயித்தது யார் என்று நீங்களே சொல்லுங்கள்.

என்னைத் தூங்கவிடாத விஷயம் இதுதான்: முத்தம்மா கல்யாணமே செய்துகொள்ளவில்லை. அந்தக் கல்யாண விதி போனதால் அவருக்கு இனிமேல் ஆகப்போவது ஒன்றுமில்லை. நெதர்லாந்தில் தூதராக இருந்துவிட்டு 1982-ல் ஓய்வு பெற்றார். 2009 அக்டோபரில் பெங்களூரில் காலமானார். 2001-ல் சொகிலா ஐயர் முதல் பெண் வெளியுறவுச் செயலாளர் ஆகிவிட்டார். 1973-ல் பணியில் சேர்ந்த நிருபமா ராவ், முத்தம்மா இறந்த அதே 2009-ல் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். கல்யாணமாகிக் குழந்தைகளும் உள்ளவர்.

இதை எங்கள் வகுப்பில் சொன்னபோது என் தோழி ஒருத்தி, "அதெல்லாம் சரிடி, மூணு வருஷத்துக்கு ஒரு நாடுன்னா குடும்பத்தை எப்படிப் பார்க்கிறது?" என்று கேட்டாள். நியாயமான கேள்விதான். பிள்ளைகள் பள்ளிக்கூடம் மாறிக்கொண்டே இருக்க வேண்டும். கணவனோ மனைவியோ ஒருவர் சொந்த வேலையை விட வேண்டிவரலாம். ஊரில் பெற்றோருக்கு உடம்பு சரியில்லை என்றால் உடனே ஓடிவர முடியாது. கஷ்டம் நிஜம், நான் மறைக்கவில்லை. ஆனால் இந்தக் கேள்வியை பையன்கள் பெஞ்சில் யாரும் யாரிடமும் கேட்கவில்லை என்பதையும் கவனித்தேன்.

மீதி இருக்கும் இடத்தில் தேர்வு விவரம். ஏதாவது ஒரு பட்டப்படிப்பு போதும். ஐ.ஏ.எஸ்., ஐ.பி.எஸ்., ஐ.எஃப்.எஸ். எல்லாவற்றுக்கும் யு.பி.எஸ்.சி. நடத்தும் ஒரே தேர்வுதான். (வனப் பணிக்கு முதல்நிலை மட்டும் இதுவே, மெயின் தனி.) விருப்பப் பட்டியலில் வெளியுறவுப் பணியைக் குறிக்க வேண்டும். வயது 21 முதல் 32 வரை. பிற்படுத்தப்பட்டோருக்கு மூன்று, ஆதிதிராவிடர் பழங்குடியினருக்கு ஐந்து ஆண்டு சலுகை உண்டு. முதல்நிலைத் தேர்வு வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வரும். ஆனால் மெயின் தேர்வைத் தமிழில் எழுதலாம், நேர்முகத் தேர்விலும் தமிழில் பேசலாம். தமிழ் இலக்கியத்தை விருப்பப் பாடமாகவும் எடுக்கலாம். மெயினுக்கு 1750, நேர்முகத்துக்கு 275, ஆக 2025 மதிப்பெண். தேறியவர்களுக்கு முதலில் முசௌரியில் பயிற்சி, பிறகு டெல்லியில். அதோடு சீனம், அரபு, ரஷ்யன், ஜப்பானியம் மாதிரி ஒரு மொழியைக் கட்டாயம் கற்றுத் தேற வேண்டும். இங்கிலீஷ் கிராமருக்கே பயப்படுகிறவர்கள் இதைக் கேட்டு ஓடிவிடாதீர்கள். அங்கே எல்லாரும் அ, ஆவன்னாவிலிருந்துதான் தொடங்குகிறார்கள்.

முதல்நிலைத் தேர்வுக்கு விண்ணப்பக் கட்டணம் 100 ரூபாய். ஆதிதிராவிடர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகளுக்குக் கட்டணம் இல்லை. பெண்களுக்கும் இல்லை.

— 11-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி